கண்ணிவெடி அகற்றலின் பயனை எதைக் கொண்டு அளப்பது? மொசாம்பிக் (1992–2015) தரும் பாடம்

2015 செப்டம்பர் 17 அன்று மொசாம்பிக் அரசு, தன் எல்லைக்குள் அறியப்பட்ட கண்ணிவெடி நிலம் எதுவும் இனி இல்லை என்று அறிவித்தது. உள்நாட்டுப் போரை முடித்துவைத்த உடன்படிக்கை 1992 அக்டோபர் 4 அன்று ரோமில் கையெழுத்தானது. அன்று முதல் கணக்கிட்டால் இது ஏறத்தாழ 23 ஆண்டுகாலப் பணி. 1990களில் அங்கோலா, ஆப்கானிஸ்தான், கம்போடியா ஆகியவற்றோடு ஒரே வரிசையில் வைத்துப் பேசப்பட்ட நாடு அது.

பணி நிறைவேறியதில் ஐயமில்லை. அப்பணியால் விளைந்தது என்ன என்ற கேள்விக்குத்தான் ஒரே விடை இல்லை. அகற்றப்பட்ட கண்ணிகளின் எண்ணிக்கை, விடுவிக்கப்பட்ட சதுர மீட்டர், உயிரும் உறுப்பும் இழந்தோர் தொகை, பண மதிப்பு, செயற்கைக்கோள் காட்டும் இரவொளி என அளவுகோல் அடுத்தடுத்து மாறிவந்திருக்கிறது. அளவுகோல் மாறியபோதெல்லாம் எந்த நிலத்தை முதலில் தொடுவது என்ற முடிவும் மாறியது. வேலை முடிந்தபின் அதை மதிப்பிட வருவதே குறிகாட்டி என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். இவ்வரலாற்றில் அது வேலைக்கு முன்பே வந்து நின்று, யாருடைய நிலம் இவ்வாண்டு விடுபடும், யாருடையது காத்திருக்கும் என்று தீர்மானித்தது. தாக்க மதிப்பீட்டை ஆய்வுமுறையாகப் பயிலும் மாணவர்களுக்கு இது பயன்படக்கூடும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

*

முதலில் கண்ணிகள் எவ்வாறு வந்தன என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1960களிலும் 70களின் முற்பகுதியிலும் ஃப்ரெலிமோ விடுதலைப் படையினரைத் தடுக்கப் போர்த்துகீசிய ராணுவம் வடக்கே தான்சானிய எல்லைப் பகுதியில் புதைத்தது. அதே பத்தாண்டில் ரொடீசிய ராணுவம் தன் எல்லை நெடுகக் கண்ணி வரிசைகளை அமைத்தது. 1975இல் விடுதலை கிடைத்தபின் மூண்ட உள்நாட்டுப் போரில் அரசுப் படை அணைகள், மின்கோபுரங்கள், பாலங்கள், ஊர்கள் ஆகியவற்றைச் சுற்றிப் பாதுகாப்பு வளையமாகப் புதைத்தது. ரெனாமோ படையினர் சாலைகளையும் ஒற்றையடிப் பாதைகளையும் முடக்கப் புதைத்தனர். வரைபடங்களில் பெரும்பாலானவை வரையப்படவே இல்லை அல்லது தொலைந்துபோயின.

ஆக, கண்ணிகள் இருவகையாகக் கிடந்தன. எல்லையிலும் அணைகளைச் சுற்றியும் அடர்த்தியான வயல்கள். சாலையிலும் பாதையிலும் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறியவை. ஓர் அணையைச் சுற்றி ஆயிரக்கணக்கில் இருக்கும் கண்ணிகள் அங்கே யாரும் போகாதவரை ஒருவரையும் கொல்வதில்லை. சந்தைக்குச் செல்லும் ஒரே சாலையில் இரண்டு கண்ணிகள் இருந்தால் ஒரு மாவட்டமே முடங்கும். பின்வந்த அளவீட்டுச் சிக்கல்கள் எல்லாவற்றுக்கும் வேர் இதுதான்.

*

முதல் அளவுகோல் எண்ணிக்கை. 1990களின் தொடக்கத்தில் உலகெங்கும் 8.5 கோடி முதல் 11 கோடி வரை கண்ணிவெடிகள் புதைந்துள்ளன என்ற மதிப்பீட்டை அமெரிக்க வெளியுறவுத் துறையும் ஐ.நா.வும் முன்வைத்தன. மொசாம்பிக்கின் பங்கு 20 லட்சம் என்றனர். ஒரு கண்ணி செய்ய 3 டாலர், அதை அகற்ற 300 முதல் 1,000 டாலர் என்ற ஒப்பீடும், இதே வேகத்தில் சென்றால் உலகைத் தூய்மையாக்க ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகும் என்ற கணக்கும் ஏறத்தாழ எல்லா மேடைகளிலும் ஒலித்தன. இவ்வெண்களுக்கு ஒரு வரலாற்றுப் பணி இருந்தது. தடை இயக்கத்துக்கு அவை குரல் கொடுத்தன. 1997 டிசம்பரில் ஒட்டாவா உடன்படிக்கை கையெழுத்துக்கு வந்ததில் அவற்றுக்கும் பங்குண்டு.

ஆனால் அகற்றும் பணிக்கு வழிகாட்ட அவற்றால் இயலவில்லை. மொசாம்பிக்கில் தான் அழித்தவை 1,71,000க்கும் மேற்பட்ட கண்ணிகள் என்றும், நாட்டில் அழிக்கப்பட்ட மொத்தத்தில் இது ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு என்றும் ஹாலோ டிரஸ்ட் கூறுகிறது. அப்படியானால் மொத்தம் இரண்டேகால் லட்சத்தை எட்டாது. 20 லட்சம் என்ற மதிப்பீட்டில் அது ஒன்பதில் ஒரு பங்கு. எண்ணிக்கையை மட்டும் வைத்து மதிப்பிட்டால் திட்டம் பத்தில் ஒரு பங்குதான் நிறைவேறியது என்று சொல்ல வேண்டியிருக்கும். எந்த எண்ணால் நிதி திரட்டப்பட்டதோ அந்த எண்ணால் வெற்றியை அளக்க முடியவில்லை.

*

நிதி வழங்கியோர் அடுத்துப் பற்றிக்கொண்டது சதுர மீட்டரை. ஓராண்டில் எத்தனை சதுர மீட்டர், ஒரு சதுர மீட்டருக்கு என்ன செலவு என்ற இரு எண்களே 1990களில் ஆண்டறிக்கைகளின் உயிர்நாடி. அவற்றைச் சரிபார்க்கலாம், நிறுவனங்களுக்கிடையே ஒப்பிடலாம், ஒப்பந்தத்தில் எழுதலாம். குறை என்னவெனில், கல்லும் முள்ளும் நிறைந்த கிணற்றடியைவிடத் திறந்த மணல்வெளி இக்கணக்கில் மலிவு. சதுர மீட்டர் கேட்டால் சதுர மீட்டர் கிடைக்கும். அதனடியில் கண்ணி இருந்ததா, அந்நிலம் எவருக்கேனும் தேவைப்பட்டதா என்பவை தனிக் கேள்விகள்.

இதில் ஒரு முரண்பாடு பின்னர்தான் கவனத்துக்கு வந்தது. ஐயத்துக்குரியதென்று வரைபடத்தில் சிவப்புக் கோடிட்ட நிலத்தின் பெரும்பகுதியில் கண்ணியே இல்லை. ஊராரிடம் அமர்ந்து விசாரித்து, எந்தப் பாதையில் மாடு போகிறது, எந்தப் பகுதியில் ஆண்டுதோறும் சோளம் விளைகிறது என்று கேட்டறிந்தாலே அத்தகைய நிலத்தைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம். இது மிக மலிவான வழி. அச்சத்திலிருந்து மக்களை விரைவாக விடுவிக்கும் வழியும் இதுவே. ஆனால் 'அகற்றிய சதுர மீட்டர்' என்ற கட்டத்தில் இவ்வேலைக்கு மதிப்பு பூஜ்யம். 2009இல் பன்னாட்டுக் கண்ணிவெடி நடவடிக்கைத் தரநெறிகளில் 'நிலம் விடுவித்தல்' என்ற தனிப் பிரிவு சேர்க்கப்பட்டது. விசாரணையால் நீக்கியது, கள ஆய்வால் குறைத்தது, கருவி கொண்டு அகற்றியது என மூன்றும் தனித்தனியே எழுதப்படலாயின. ஒரு படிவத்தில் இரண்டு கட்டங்கள் கூடின என்பதே இதன் வெளித்தோற்றம். ஆனால் கேள்வி கேட்டு நிலத்தை மீட்பதும் வேலைதான் என்று ஏற்றுக்கொள்ள இத்துறைக்கு இருபது ஆண்டுகள் பிடித்தன.

*

மூன்றாவது அளவுகோலே இவ்வரலாற்றின் மையம். நிலத்தை அளந்தது போதும், மனிதரை அளப்போம் என்ற குரல் 1990களின் இறுதியில் எழுந்தது. ஓஸ்லோ அமைதி ஆய்வு நிறுவனத்தின் அனந்தா மில்லார்டும் கிறிஸ்தியன் பெர்க் ஹார்ப்விகனும் மொசாம்பிக் களப்பணியை ஆதாரமாகக் கொண்டு 2000இல் வெளியிட்ட அறிக்கை, தாக்கத்தை ஊர்ச் சமூகத்தின் நிலையிலிருந்து மறுமதிப்பீடு செய்யவேண்டும் என்று வாதிட்டது. அதே காலத்தில் 'கண்ணிவெடித் தாக்க ஆய்வு' என்ற நாடு தழுவிய கணக்கெடுப்பு முறை உருவானது. முதலில் 2000இல் யேமனில் நிறைவடைந்தது. பின்னர் சாட், தாய்லாந்து, மொசாம்பிக், கம்போடியா என்று விரிந்தது.

அம்முறையின் மதிப்பெண் திட்டம் எளியது. ஊரில் கண்ணி இருந்தால் 2 புள்ளி; வெடிக்காத குண்டுகள் இருந்தால் 1 புள்ளி. பயிர்நிலம், மேய்ச்சல், நீர்நிலை, சாலை போன்றவற்றில் எவை தடைபட்டுள்ளனவோ அவற்றுக்கு அந்தந்த நாடு வகுத்த எடைப்படி புள்ளிகள். கடந்த 24 மாதங்களில் கண்ணியால் இறந்த அல்லது காயமுற்ற ஒவ்வொருவருக்கும் 2 புள்ளி. மொத்தம் 11ஐ எட்டினால் அவ்வூர் உயர் தாக்கம். 6 முதல் 10 வரை நடுத்தரம். 5 வரை குறைவு.

2001இல் முடிந்த மொசாம்பிக் ஆய்வு 791 ஊர்ச் சமூகங்களைப் பாதிக்கப்பட்டவையாகப் பட்டியலிட்டது. அவற்றில் உயர் தாக்கம் 20, நடுத்தரம் 164, குறைவு 607. நான்கில் மூன்றுக்கும் மேற்பட்ட ஊர்கள் குறைந்த தாக்கமுள்ளவை என்று பெயர் பெற்றன.

இந்த 607 என்ற எண்ணை எப்படி வாசிப்பது? தடைகளுக்கான புள்ளிகளுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. விபத்துக்கான புள்ளிகளுக்கு இல்லை. ஆகவே ஓர் ஊரைப் பட்டியலின் மேலே தள்ளும் ஆற்றல் அண்மைக்கால விபத்துகளிடமே இருந்தது. ஆனால் விபத்து எப்போது நிகழ்கிறது? மக்கள் அந்நிலத்துக்குள் போகும்போது. போர் முடிந்து அண்டை நாடுகளிலிருந்து ஏறத்தாழ 17 லட்சம் அகதிகள் திரும்பிய முதல் ஆண்டுகளில், எங்கே என்ன இருக்கிறது என்று அறியாமல் நடந்தவர்கள் மிதித்தார்கள். சில ஆண்டுகளில் ஊர் கற்றுக்கொண்டது. அந்த மாமரத்துக்கு அப்பால் போகாதே என்று குழந்தைக்குச் சொல்லப்பட்டது. பெண்கள் விறகுக்கு வேறு திசையில் நெடுந்தொலைவு நடந்தனர். நல்ல வண்டல் நிலம் கைவிடப்பட்டு மேட்டுநிலம் உழப்பட்டது. பத்தாண்டுகள் இவ்வாறு வாழ்ந்த ஊரில் கணக்கெடுப்பாளர் வந்து, கடந்த 24 மாதங்களில் விபத்து உண்டா என்று கேட்டால் இல்லை என்பதே விடை. தன் நிலத்தை முற்றிலும் இழந்து அதற்குப் பழகிப்போன ஊர் குறைந்த தாக்கமுடையதாகிறது. வேறு வழியின்றி உள்ளே நுழையும் ஊர் உயர் தாக்கமுடையதாகிறது. இரண்டுமே பாதிப்புதான், மதிப்பெண் ஒன்றைத்தான் கண்டது.

விபத்துக் குறைவை அகற்றலின் வெற்றியாகக் கொள்வதிலும் இதே இடர் உண்டு. மொசாம்பிக்கை விட்டு ஒரு கணம் கம்போடியாவைப் பார்த்தால் இது தெளிவாகும். அங்கே 2005இல் 875ஆக இருந்த விபத்துக்குள்ளானோர் தொகை 2006இல் 450ஆகப் பாதியாக வீழ்ந்தது. ஓராண்டில் அகற்றப்பட்ட பரப்பு இவ்வீழ்ச்சியை விளக்கப் போதாது. பழைய இரும்பு வணிகத்துக்காக வெடிகுண்டுகளைப் பிரித்தெடுத்தோரும் அங்கு விபத்துக்குள்ளானோரில் கணிசமானோர். இரும்பு விலை, கூலி வேலை வாய்ப்பு, அறுவடை, காவல்துறைக் கெடுபிடி என்று எது மாறினாலும் அத்தொகை மாறும். அது பொய்யான எண் அன்று. ஆனால் அது அகற்றும் பணியை மட்டும் அளக்கவில்லை.

*

நான்காவது, பொருளியலாரின் செலவு–பயன் கணக்கு. விடுபட்ட நிலத்தின் விளைச்சல், தவிர்க்கப்பட்ட மருத்துவச் செலவு, காக்கப்பட்ட உயிர்களின் உழைப்பு ஆகியவற்றைப் பணமாக்கி, அகற்றும் செலவோடு ஒப்பிடுவது இதன் முறை. கம்போடியாவைப் பற்றி 2000இல் ஜெஃப் ஹாரிஸ் செய்த ஆய்வு, செலவு பயனைவிட மிகுதி என்றது. ஐந்தாண்டுகள் கழித்து அதே நாட்டைப் பற்றிப் பியோர்ன் கில்டெஸ்டாட் செய்த கணக்கு, பயனே மிகுதி என்றது.

எதிரெதிர் முடிவுகளுக்கு இடம்தரும் நெகிழ்வு இம்முறைக்குள்ளேயே இருக்கிறது. ஓர் உயிரின் மதிப்பு அந்நாட்டின் தனிநபர் வருமானத்தைக் கொண்டு கணிக்கப்படுமானால், ஏழை நாட்டில் அம்மதிப்பு சிறிதாகவே இருக்கும். அந்நாட்டுக்குள்ளும் ஏழை மாவட்டத்தில் இன்னும் சிறிதாகும். அகற்றுநரின் கருவியும் காப்புடையும் பன்னாட்டு விலையில் வருகின்றன. காக்கப்படும் உயிரோ உள்ளூர் விலையில் எழுதப்படுகிறது. இத்தராசில் நியாசா மாகாணத்துச் சிற்றூர் எக்காலத்திலும் தேறாது.

இங்கேதான் ஒட்டாவா உடன்படிக்கையின் ஐந்தாம் பிரிவு முக்கியத்துவம் பெறுகிறது. 1999 மார்ச் 1 அன்று நடைமுறைக்கு வந்த அவ்வுடன்படிக்கையின் உறுப்பு நாடுகளது முதல் கூட்டம் அதே ஆண்டு மே மாதம் மபூட்டோவில்தான் நடந்தது. தன் ஆட்சிக்குட்பட்ட கண்ணிவெடி நிலம் அனைத்தையும் பத்தாண்டுக்குள் அகற்றவேண்டும் என்கிறது அப்பிரிவு. அதில் உயர் தாக்கம், குறைந்த தாக்கம் என்ற பாகுபாடு இல்லை. பயன் செலவை மிஞ்சவேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. நுண்மையற்ற குறிகாட்டி என்று மதிப்பீட்டாளர் பலர் இதைக் குறைகூறியதுண்டு. ஆனால் மொசாம்பிக் காலநீட்டிப்புகள் பெற்றும் இறுதிவரை சென்றதற்குக் காரணம் அந்த 'அனைத்தும்' என்ற சொல். தாக்கப் பட்டியலின் அடியில் நின்ற 607 ஊர்களுக்கு அச்சொல்லைத் தவிர வேறு பிடிமானம் இருந்ததில்லை.

*

ஐந்தாவது அளவுகோல் பணி முடிந்தபின் வந்தது. ஜார்ஜியோ கியோவெல்லி, ஸ்டெலியோஸ் மிக்கலோபூலோஸ், எலியாஸ் பாப்பையோவானு ஆகிய மூவரும் 2018இல் வெளியிட்ட ஆய்வறிக்கை, மொசாம்பிக்கில் 1992 முதல் 2015 வரை ஒவ்வோர் இடமும் எப்போது விடுவிக்கப்பட்டது என்பதை நிறுவனங்களின் பதிவேடுகளிலிருந்து திரட்டி, செயற்கைக்கோள் பதிந்த இரவொளியோடு பொருத்தியது.

இம்முறையின் தேவையை உணரத் தொடக்கநிலையை நினைவுகூர வேண்டும். 1992க்குப் பின் மொசாம்பிக்கில் அமைதி வந்தது, 1991–92இன் கொடும் வறட்சி நீங்கியது, அகதிகள் திரும்பினர், வெளிநாட்டு உதவி பெருகியது, கண்ணிகளும் அகன்றன. எல்லாம் ஒருங்கே நடந்த நாட்டில் விளைச்சல் கூடியதை எதன் கணக்கில் எழுதுவது? ஓரிடம் 1996இலும் அடுத்த இடம் 2006இலும் விடுபட்ட கால வேறுபாட்டைப் பயன்படுத்தி இம்முடிச்சை ஆசிரியர்கள் அவிழ்க்க முயன்றனர்.

அவர்களது முடிவு இரு பகுதிகளாலானது. நிலம் விடுபட்ட இடத்தில் பொருளியல் செயல்பாடு கூடியது. ஆனால் அக்கூடுதல் மிதமானது. சாலை, இருப்புப்பாதை, வணிக மையம் ஆகியவை விடுபட்டபோது பயன் பன்மடங்கானது. அது கண்ணியே இல்லாத தொலைதூர ஊர்களையும் சென்றடைந்தது. போக்குவரத்துப் பின்னலை முதன்மையாகக் கொண்டு பணி ஒருங்கிணைக்கப்பட்டிருந்தால் விரைந்த பலன் கிடைத்திருக்கும் என்பது அவர்களது வாதம். அதுவரையிலான குறிகாட்டிகள் அனைத்தும் கண்ணி இருந்த ஊரிலேயே தாக்கத்தைத் தேடின. மூடிய சாலையின் மறுமுனையில் வாழ்ந்தவர் அந்தக் கணக்கெடுப்புகளில் பாதிக்கப்பட்டவராக இடம்பெறவே இல்லை.

இருப்பினும் இரவொளிக்கும் ஒரு குருட்டுப்புள்ளி உண்டு. பெய்ரா துறைமுகத்தையும் தேத்தே மாகாணத்து மொவாத்திசே நிலக்கரிப் படுகையையும் இணைக்கும் சேனா இருப்புப்பாதை போரில் அழிந்து, கண்ணிகள் அகற்றப்பட்டபின் மீண்டும் இயங்கியது. 2011 முதல் நிலக்கரி அவ்வழியே ஏற்றுமதியானது. விண்ணிலிருந்து பார்த்தால் அவ்வட்டாரம் ஒளிர்கிறது. அதே சுரங்கத்துக்காக வேளாண் குடும்பங்கள் தம் நிலத்திலிருந்து எடுக்கப்பட்டுக் காத்தேமே போன்ற மறுகுடியேற்ற ஊர்களுக்கு அனுப்பப்பட்டதும் இதே ஆண்டுகளில்தான். ஒளி கூடியது என்பதை இரவொளி சொல்லும். அது யார் வீட்டு ஒளி என்பதைச் சொல்லாது. விளக்கே ஏற்றாத மரவள்ளித் தோட்டம் மீண்டதையும் அது அறியாது.

யாருக்கு என்ற இக்கேள்வியை இத்துறை முன்பே ஒருமுறை கசப்புடன் சந்தித்தது. கம்போடியாவின் அகற்றல் மையம் படை அதிகாரிகளுக்கும் செல்வாக்குடையோருக்கும் பயன்படும் நிலங்களைத் தூய்மையாக்கியது என்ற குற்றச்சாட்டு 1999இல் எழுந்து, நிதி வழங்கியோர் பலர் உதவியை நிறுத்தினர். சதுர மீட்டர்க் கணக்கில் அந்நிலங்களும் வெற்றியாகவே பதிவாகியிருக்கும். அதன்பின் பாட்டம்பாங் மாகாணத்தில் நிலப் பயன்பாட்டுத் திட்டப் பிரிவு அமைந்தது. எந்த நிலத்தை அகற்றுவது, யாருக்கு அளிப்பது என்று முன்கூட்டியே ஊரளவில் முடிவுசெய்வதும், பின்னாளில் சென்று அந்நிலத்தை உழுவது யார் என்று பார்ப்பதும் நடைமுறைக்கு வந்தன.

*

இவ்வரலாற்றிலிருந்து நான் பெறும் முடிவு இது. கண்ணிவெடி அகற்றலில் மூன்று வெவ்வேறு கேள்விகள் உள்ளன: எதை முதலில், எதுவரை, யாருக்கு. எதை முதலில் என்பதற்குச் சாலையும் சந்தையும் சேர்ந்த பொருளியல் குறிகாட்டிகள் நல்ல வழிகாட்டிகள். எதுவரை என்பதை அவற்றிடம் கேட்கக்கூடாது. அது உரிமை சார்ந்தது, அதற்கு 'அனைத்தும்' என்பதே விடை. யாருக்கு என்பதற்கு எந்தச் செயற்கைக்கோளும் உதவாது. ஊருக்குச் சென்று, ஆண்களிடமும் பெண்களிடமும் தனித்தனியே கேட்டாகவேண்டும். ஏனெனில் கைவிட்ட வயலை நினைவில் வைத்திருப்பவரும், விறகுக்குச் சுற்றிப்போன பாதையை நினைவில் வைத்திருப்பவரும் பெரும்பாலும் வேறு வேறு ஆட்கள். இம்மூன்று கேள்விகளையும் ஒரே எண்ணுக்குள் அடைக்க முயன்ற ஒவ்வொரு முறையும் மூன்றாவது கேள்வியே முதலில் காணாமற் போயிருக்கிறது.

ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தாக்க மதிப்பீட்டு அறிக்கை ஒன்றைக் கையிலெடுக்கும்போது முடிவுகளுக்கு முன் வினாத்தாளைப் படியுங்கள். நிலத்தை இப்போது பயன்படுத்துகிறீர்களா என்று மட்டும் கேட்டிருக்கிறார்களா, அகற்றும் முன்பே அஞ்சி அஞ்சிப் பயன்படுத்தினீர்களா என்றும் கேட்டிருக்கிறார்களா? தம் மண்வெட்டியாலேயே கண்ணியை அகற்றிக்கொண்ட விவசாயிகள் கம்போடியாவில் உண்டு. ரூத் பாட்டம்லியின் ஆய்வுகள் அவர்களைப் பற்றியவை. அத்தகையோர் எந்தக் கட்டத்தில் வருகிறார்கள் என்று தேடுங்கள். காகிதத்தில் விடுபட்ட நிலத்தை ஊர் நம்புகிறதா என்பதற்கு ஏதேனும் கேள்வி உண்டா என்றும் பாருங்கள். ஒப்படைக்கும் நாளில் அகற்றுநர்களே ஊரார் கண்முன் அந்நிலத்தில் நடந்து காட்டும் வழக்கம் பல நாடுகளில் இருப்பது, அந்நம்பிக்கை தானாக வருவதில்லை என்பதற்குச் சான்று.

இறுதியாக, இக்குறிகாட்டிகள் எதிலும் அடங்காத ஒரு தரப்பினர் உண்டு. 2015 செப்டம்பரில் நிலக்கணக்கு முடிந்தது. கால் இழந்தவருடைய கணக்கு அன்று முடியவில்லை. செயற்கைக் காலைப் பெரியவருக்குச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறையும், வளரும் குழந்தைக்கு அதைவிட அடிக்கடியும் மாற்றவேண்டும். நாடு கண்ணியற்றதாக அறிவிக்கப்பட்டதும் நிதி வழங்கியோரின் கவனம் வேறு நாடுகளுக்கு நகர்வது இயல்பு. அகற்றல் திட்டம் ஒன்றின் தாக்கத்தை அளக்கப் புகும் எந்த ஆய்வும், அறிவிப்பு நாளுக்குப் பத்தாண்டு கழித்து அந்தச் செயற்கைக் கால் யார் செலவில் மாற்றப்படுகிறது என்ற ஒரு கேள்வியையாவது தன் படிவத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.